கேள்விப் பார்சல்

காலை ஐந்தே முக்காலுக்கு தாஸ் வேனைத் துடைத்து முடித்துவிட்டான்.

பிப்ரவரிக் குளிர். பொம்மனஹள்ளியின் அந்தத் தெருவில் பால் பூத் மட்டும் திறந்திருந்தது. வாளியில் மிஞ்சிய தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்றிவிட்டு வீட்டுக்குள் போனான். மகள் பிளெஸ்ஸி தலை பின்னி, பள்ளிச் சீருடை போட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்குச் சீருடை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு எடுத்த கவுன் இருந்தது. அது கையைப் பிடிக்கிறது, எழுத வராது என்று அவளே சொல்லிவிட்டாள்.

எலிசபெத் மகளின் தலையில் கை வைத்து ஜெபம் செய்தாள். சுருக்கமாக முடித்துக்கொண்டாள். பிறகு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"நடுவுல ரெண்டு வாய் குடி."

"குடிச்சா ஒண்ணுக்கு வரும்மா. டைம் போயிடும்."

"இன்னா கணக்குடி இது!" எலிசபெத் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாஸின் பக்கம் திரும்பியபோது சிரிப்பு நின்றுவிட்டது. "இப்பவாவது சொல்லுங்க. அஞ்சு கேள்வி போதும்னு சொல்லுங்க."

"அவளே முடியும்ன்றா."

"அவ முடியும்னுதான் சொல்லுவா. உங்க பொண்ணாச்சே."

தாஸ் வேன் சாவியை எடுத்துக்கொண்டான்.

ஆனேக்கல் தாண்டி, ஒரு மேட்டின்மேல் இருந்தது நந்திவனம் பள்ளி. ஒரு டிரஸ்ட் நடத்தியது. ஆறாம் வகுப்பில் சேர்ந்தால் பன்னிரண்டு முடியும்வரை படிப்பு, சாப்பாடு, தங்கும் இடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. யாரிடமும் ஒரு காசு வாங்க மாட்டார்கள். அங்கே படித்தவர்கள் எங்கெங்கோ பெரிய வேலைகளில் இருந்தார்கள். சேர்வதற்கு ஒரே வழி நுழைவுத் தேர்வு. ஒரு பிள்ளை ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது ஒரு முறை எழுதலாம். அவ்வளவுதான்.

அந்தத் தேர்வுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வதுதான் குணசேகர் சாரின் தொழில். பொம்மனஹள்ளி பேக்கரி மாடியில் அவருடைய வகுப்பு நடந்தது. வேன் அவருடையது. ஓட்டுவது தாஸ். ஓசூர் ரோட்டு அடுக்குமாடிகளில் இருந்து பிள்ளைகளை ஏற்றி வருவான், வகுப்பு முடிந்ததும் கொண்டுபோய் விடுவான். எலிசபெத்துக்குக் கார்மென்ட்ஸ் வேலை. ஷிப்ட் முடிந்து அவள் வரும்வரை வீட்டில் ஆள் கிடையாது. அதனால் பிளெஸ்ஸி பள்ளி விட்டதும் வேனில் ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். வேன் நின்றதும் மாடிக்குப் போய்க் கடைசி பெஞ்சில் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஒரு நாள் திரும்பும் வழியில், அன்று பலகையில் எழுதிய கணக்குகளை அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். யாரும் கேட்கவில்லை. சும்மா சொன்னாள். சார் அன்று வேனில் இருந்தார்.

"தாஸு, இவளை முன் பெஞ்சுல உட்காரச் சொல்லு," என்றார். "ஃபீஸ் பத்தி நீ பேசக் கூடாது. பேசினா வேற டிரைவர் பாத்துக்குவேன்."

தாஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது அவனுக்குப் பதினாறு வயது. விடியற்காலை ரயிலில் தொங்கிக்கொண்டு பெங்களூருக்கு வேலைக்கு வந்தவன். இத்தனை வருடத்தில் இந்த ஊரில் யாரும் அவனிடம் காசு வேண்டாம் என்று சொன்னதில்லை.

நந்திவனம் பள்ளி ஒரு விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. கேள்வித்தாளை வெளியே விட மாட்டார்கள். மணி அடித்ததும் விடைத்தாளோடு கேள்வித்தாளையும், கிறுக்கிப் பார்த்த காகிதத்தையும் வாங்கிக்கொள்வார்கள். பழைய கேள்வித்தாள் எங்கும் கிடைக்காது. ஆனால் கேள்வி தயாரிப்பவர்களும் மனிதர்கள்தான். பழைய கேள்வி எண் மாறி வரும், பெயர் மாறி வரும், சில சமயம் எதுவும் மாறாமல் அப்படியே வரும். இதை குணசேகர் சார் முதல் வருடமே கண்டுகொண்டார். அடுத்த வருடம் முதல் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து கேள்விகளை ஒதுக்கினார். உனக்குப் பதினொன்று முதல் பதினைந்து, உனக்குப் பதினாறு முதல் இருபது. அந்த ஐந்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வெளியே வந்து சொல்ல வேண்டும். வகுப்பில் இதற்குப் பார்சல் என்று பெயர். ஒவ்வொரு வருடமும் வந்து சேர்ந்த பார்சல்கள் ஒரு தடிமனான ஃபைலில் இருந்தன. கணக்குச் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அந்த ஃபைல் இருப்பது பேக்கரி மாடியில் மட்டும்தான். பெற்றோர் வந்தது அதற்காகத்தான்.

தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு பெற்றோர் கூட்டம் நடந்தது. தாஸ் வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ரித்விக்கின் அம்மா வித்யாலட்சுமி எழுந்தாள். ஒரு பெரிய கம்பெனியில் மேனேஜர். மகனுக்காக மூன்று மாதம் லீவு போட்டிருந்தாள்.

"சார், ஒரு ரிக்வெஸ்ட். ரித்விக்குக்கு இந்த பார்சல் வேண்டாமே. எழுதற நேரத்துல ஞாபகம் வெச்சுக்கறதும் ஒரு வேலைன்னா கவனம் சிதறிடும். அவனுக்கு இது ஒரே சான்ஸ் சார்."

நாலைந்து தலைகள் ஆடின. "எங்க பொண்ணுக்கும் அப்படியே," என்றார் அரைக்கால் சட்டை போட்ட ஒருவர். பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள்.

சார் கையிலிருந்த மார்க்கரை மூடித் திறந்தார். "போன வருஷப் பிள்ளைங்க கொண்டு வந்ததைத்தான் உங்க பிள்ளைங்க படிக்கிறாங்க. இவங்க கொண்டு வரலைன்னா அடுத்த வருஷப் பிள்ளைங்க என்ன பண்ணுவாங்க?"

"அடுத்த வருஷப் பிள்ளைங்களை அடுத்த வருஷம் பாத்துக்கலாம் சார்," என்றார் அரைக்கால் சட்டைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை.

அப்போதுதான் தாஸ் வாயைத் திறந்தான்.

"சார், எங்க பாப்பா கொண்டு வருவா."

எல்லாரும் வாசலைப் பார்த்தார்கள்.

"அவளுக்கு அஞ்சு குடுத்திருக்கேனே தாஸு."

"எல்லாத்தையும் கொண்டு வருவா சார். அறுபதையும். சர்ச்சுல மனப்பாட வசனத்துல மூணு வருஷமா அவளுக்குத்தான் பிரைஸ்."

"வேணாம். அவளும் எழுதணும்ல."

"அதெல்லாம் அவளுக்கு விளையாட்டு சார்."

யாரோ கை தட்டினார்கள். வித்யாலட்சுமி, "அவ்ளோ மெமரியா! சோ ஸ்வீட்," என்றாள். முன் பெஞ்சில் இருந்த பிளெஸ்ஸி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சார் இரண்டாம் முறை வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று வேனை ஓட்டிக்கொண்டு வந்தபோது தாஸுக்கு உடம்பு லேசாக இருந்தது. ஒன்றரை வருடமாக வாங்கிக்கொண்டே இருந்தவன். இப்போது கொடுக்க அவனிடமும் ஒன்று இருந்தது.

எலிசபெத் கேட்டுவிட்டு இட்லி மாவைக் கலக்குவதை நிறுத்தினாள்.

"அவ எழுதப் போறாளா, தூக்கிகினு வரப் போறாளா?"

"ரெண்டும்தான்."

"நீங்க வேன் ஓட்டறது பத்தாதுன்னு அவளையும் வேனா ஆக்கிட்டீங்களா?"

"வாயை வெச்சுகினு சும்மா இரு. சார் இல்லாட்டி அவளுக்கு அந்த ஸ்கூல் பேராவது தெரியுமா?"

எலிசபெத் மாவை மறுபடி கலக்கத் தொடங்கினாள்.

இரண்டு வாரமும் பிளெஸ்ஸி பழகினாள். சார் ஒரு மாதிரித்தாளைக் கொடுப்பார். எழுதுவாள். திருப்பி வாங்கிக்கொள்வார். வேனில் பிள்ளைகள் அவளைச் சோதித்தார்கள். ரித்விக் பின்னாலிருந்து கத்துவான்.

"ஹே கூகுள், முப்பத்தி நாலு?"

பிளெஸ்ஸி திரும்பாமல் முப்பத்து நான்காம் கேள்வியைச் சொல்வாள்.

"ஹே கூகுள், ரித்விக் ஏன் இவ்ளோ குண்டா இருக்கான்?" என்பாள் இன்னொருத்தி. வேன் சிரிப்பில் ஆடும். தாஸும் சிரிப்பான்.

தேர்வு நாளன்று பள்ளியின் பெரிய கேட் முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. காவலாளி ஒரு குச்சியை ஆட்டிக்கொண்டே கன்னடத்தில் கத்தினான். "மக்களு மாத்ர ஒளகெ. அப்பா அம்மா எல்லா ஹொரகடெ." பிள்ளைகள் உள்ளே போனார்கள். பெரியவர்கள் வெளியே நின்றார்கள். பிளெஸ்ஸி ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். கை காட்டவில்லை. அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

ஒன்றரை மணி நேரம். அறுபது கேள்வி. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு இல்லை. விடையை எழுத வேண்டும்.

சார் வேனுக்குள் உட்கார்ந்து செல்போனுக்கு சார்ஜ் போட்டார். தாஸ் வேப்பமரத்தடியில் நின்றான். வித்யாலட்சுமி ஒரு ஃபிளாஸ்கோடு வந்தாள்.

"தாஸ், காபி எடுத்துக்கோங்க."

"வேணாம் மேடம்."

"நிறையக் கொண்டு வந்திருக்கேன். குடிங்க." பேப்பர் கப்பில் ஊற்றிக் கொடுத்தாள். "ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. மூணாம் கிளாஸ்லேர்ந்து இதே வேலையா ஓடியாச்சு. அபாகஸ், இங்கிலீஷுக்கு ஒரு மிஸ், அப்புறம் குணா சார். ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இருந்ததே மறந்து போச்சு."

"தம்பி நல்லா எழுதிடும் மேடம்."

"பிளெஸ்ஸியும் எழுதிடுவா." மனதாரத்தான் சொன்னாள். "இந்த ஸ்கூல்ல எனக்குப் பிடிச்சதே இதுதான் தாஸ். டொனேஷன் கிடையாது, சிபாரிசு கிடையாது. யார் வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் அதே பேப்பர். உள்ள போயிட்டா எல்லாரும் ஒண்ணுதான்."

"ஆமா மேடம்."

அது சரிதான் என்று அவனுக்கும் தோன்றியது. காபி நன்றாக இருந்தது. குடித்துக்கொண்டே, லைசென்ஸ் எடுக்கப் போன நாளை நினைத்தான். அன்றும் எல்லாருக்கும் ஒரே மைதானம், ஒரே எட்டு. வீட்டில் கார் வைத்திருந்த பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டே எட்டுப் போட்டுவிட்டு இறங்கினார்கள். டிரைவிங் ஸ்கூல் காரை அரை மணி, அரை மணியாக ஓட்டிப் பழகியவன் அவன். இரண்டாவது வளைவில் கம்பத்தில் இடித்தான். அடுத்த மாதம் மறுபடி போய் எடுத்துவிட்டான். அவனுக்கு மறுபடி என்று ஒன்று இருந்தது.

கப்பைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டான்.

மணி அடித்தது. கேட் திறந்ததும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். ரித்விக் முதல் ஆட்களில் ஒருவன். வேனைப் பார்த்துக் கத்திக்கொண்டே வந்தான்.

"சார்! நம்ம ஃபைல்லேர்ந்து இருபத்தி மூணு! அந்தக் கடிகாரக் கேள்வி அப்படியே சார், நம்பர்கூட மாறலை!"

வித்யாலட்சுமி அவனைக் கட்டிக்கொண்டாள். சார் அவன் முதுகில் தட்டினார். ஒவ்வொருவராகப் பெற்றோரின் கார்களில் ஏறினார்கள். ஆனேக்கல் சாலையில் ஒரு நல்ல ஓட்டல் இருந்தது. எல்லாரும் அங்கே போவதாகப் பேச்சு.

பிளெஸ்ஸி கடைசியாக வந்தாள். ஓடவில்லை. தலையை அசைக்காமல், விளிம்புவரை நிறைந்த குடத்தைச் சுமப்பவள்போல நடந்து வந்தாள்.

"பாப்பா, எப்படி..."

விரலை உயர்த்தி அவனை நிறுத்தினாள். வேனில் ஏறினாள். சார் முன்னிருக்கையில் இருந்து திரும்பிப் போனை நீட்டி ரெக்கார்டிங்கைப் போட்டார். தாஸ் வண்டியை எடுத்தான்.

அவள் சொல்லத் தொடங்கினாள். கேள்விகள் இங்கிலீஷில் இருந்தன. இங்கிலீஷிலேயே சொன்னாள். ஒன்று, இரண்டு, மூன்று. எண்கள், பெயர்கள், கமா எங்கே, அடைப்புக்குறி எங்கே என்பதுவரை. ஒரு கடிகாரம் மணிக்கு மூன்று நிமிடம் பிந்துகிறது. காலை எட்டு மணிக்குச் சரிசெய்தால் மாலை நான்கு மணிக்கு அது என்ன காட்டும். ஒரு வரிசையில் இத்தனை மரங்கள். பொருந்தாத சொல் எது. படங்கள் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் வரைந்து காட்டினாள். சார் இடையில் பேசவில்லை. அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை தாஸ் பார்த்ததில்லை. இத்தனை வருடத்தில் முழுத்தாள் ஒரு முறையும் வெளியே வந்ததில்லை.

சந்தாபுராவுக்கு வரும்போது நாற்பத்தெட்டு ஆகியிருந்தது. சிவப்பு சிக்னல் விழுந்தது. நாற்பத்தெட்டு ஒரு விசித்திரமான கேள்வி. ஐந்து பேர் ஒரு வட்ட மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவர் பொய் சொல்கிறார்.

"அட, இது புதுசு," என்றார் சார். "ரொம்ப நல்ல கேள்வி. நீ என்ன விடை எழுதினே?"

"அது எழுதலை சார்."

"வரலையா?"

"யோசிக்கலை சார். டைம் இல்ல."

சார் போனைக் கொஞ்சம் தாழ்த்தினார். "எத்தனை எழுதின?"

"நாப்பது."

சிக்னலில் ஒரு பலூன்காரன் கண்ணாடியைத் தட்டினான். தாஸ் அவனைப் பார்க்கவில்லை. பின்பார்வைக் கண்ணாடியில் மகளைப் பார்த்தான்.

"ஒவ்வொண்ணையும் மூணு தடவை படிச்சாத்தான் சார் நிக்குது," என்றாள் பிளெஸ்ஸி. "நாப்பது முடிக்கும்போது இன்னும் பத்து நிமிஷம்தான்னு மிஸ் சொன்னாங்க. இருபது பாக்கி இருந்துச்சு. எழுதினா ஒரு எட்டு எழுதியிருப்பேன். மீதியைப் படிக்கவே முடியாது. படிச்சா இருபதையும் படிச்சுடலாம். அதான் படிச்சேன்."

சார் போனை மடியில் வைத்தார்.

"அப்பா அறுபதுன்னு சொல்லியிருந்தாரு சார். எல்லாரும் கை தட்டினாங்க."

போன வருடம் ஐம்பத்திரண்டுக்குக் கீழே யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. அது சாருக்கும் தெரியும். தாஸுக்கும் தெரியும். வேனில் வரும் பிள்ளைகள் ஒரு வருடமாக அதைத்தான் பேசினார்கள்.

பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தார்கள். தாஸ் கியரைப் போட்டான். கியர் விழவில்லை. மறுபடி போட்டான்.

சார் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனது. தொண்டையைச் செருமினார்.

"நாப்பதும் சரியா இருந்தா... இந்த வருஷம் பேப்பர் கஷ்டம். கட் ஆஃப் குறையலாம்," என்றார்.



இன்னும் கொஞ்ச தூரம் போனது. ரெக்கார்டிங் ஓடிக்கொண்டே இருந்தது. அதில் இன்ஜின் சத்தம் மட்டும் பதிந்திருக்கும்.

"நாப்பத்தொம்போது என்னம்மா?" என்றார் சார், திரும்பாமல், மெல்லிய குரலில்.

பிளெஸ்ஸி அப்பாவைப் பார்த்தாள். வண்டியை ஓரம் கட்டி, போதும் சார், என்று அவன் சொல்லியிருக்கலாம். இடது பக்கம் இடம் இருந்தது. இன்டிகேட்டர்மேல் கைகூடப் போனது. அவன் சாலையைப் பார்த்து ஓட்டினான். அவள் நாற்பத்தொன்பதைச் சொன்னாள். பிறகு ஐம்பது. வீட்டு வாசல் வருவதற்குள் அறுபதும் முடிந்துவிட்டது.

ஏப்ரலில் பட்டியல் வந்தது. ரித்விக் இருந்தான். வகுப்பில் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். பிளெஸ்ஸி எழுதிய நாற்பதில் முப்பத்தொன்பது சரி. ஐம்பது வாங்கியவர்களுக்கு இடம் கிடைத்திருந்தது.

சார் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். எலிசபெத் வைத்த டீயைத் தொடவில்லை.

"என் தப்புதான்மா. நான் கண்டிச்சு வேணாம்னு சொல்லியிருக்கணும்."

எலிசபெத் தாஸைப் பார்த்தாள். தாஸ் தரையைப் பார்த்தான்.

"பிளெஸ்ஸி கிளாஸுக்கு வர்றதை நிறுத்த வேண்டாம். எத்தனை வருஷமானாலும் சரி. நான் சொல்லித் தர்றேன்."

"எந்தப் பரீட்சைக்கு சார்?" என்றாள் எலிசபெத்.

அவர் எழுந்துகொண்டார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் தாஸுக்குச் சங்கடம். கெட்டவராக இருந்திருந்தால் சாவியை மேசையில் போட்டுவிட்டுப் போயிருப்பான். கல்யாணத்துக்கு வண்டி ஓட்டலாம், ஏர்போர்ட்டுக்கு ஓட்டலாம். ஆனாலும் அன்று ராத்திரி, வேலையை விட்டுவிடுகிறேன் என்று எலிசபெத்திடம் சொன்னான்.

"வண்டியை விடறதால இன்னா ஆவப் போவுது?" என்றாள் அவள். "அவரா கேட்டாரு? நீங்கதானே எழுந்து சொன்னீங்க. எனக்குக் கோவம் உங்க மேலயும் இல்ல. நமக்கு ஒருத்தர் ஒண்ணு குடுத்தா உடனே திருப்பிக் குடுத்துடணும். இல்லாட்டி நெஞ்சு அடைக்கும். அவங்களுக்கு அப்படி இல்ல. வாங்கிக்கிறாங்க, போறாங்க. அந்த மேடம் பையன் போன வருஷத்துப் பிள்ளைங்க தூக்கியாந்ததைத்தானே படிச்சான்? அவனுக்கு நெஞ்சு அடைச்சுதா?"

பிளெஸ்ஸி பாயில் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாளா இல்லையா என்று தெரியவில்லை.

ஜூனில் புது வகுப்பு தொடங்கியது. ஃபைல் இப்போது இரண்டாகிவிட்டது. இரண்டாவது ஃபைல் மெல்லியது, அட்டை மட்டும் நல்லது. அதில் ஒரே ஒரு கேள்வித்தாள், அறுபது கேள்வியும் வரிசை மாறாமல். அப்படி ஒன்று இருக்கிறது என்ற செய்தி எப்படியோ அடுக்குமாடிகளில் பரவிவிட்டது. சார் வகுப்பை இரண்டு பிரிவாக்க வேண்டி வந்தது.

முதல் நாள் சாயங்காலம், ரித்விக் இருந்த அடுக்குமாடியின் கேட்டில் வேனை நிறுத்தினான் தாஸ். பிள்ளைகள் ஏறினார்கள். கடைசியில் காவலாளி அப்பாதுரை தன் மகளைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். திருப்பத்தூர்க்காரர். அந்தக் கேட்டில் வேனை உள்ளே விடாமல் ஐந்து வருடமாகத் தாஸோடு சண்டை போட்டவர்.

"சௌம்யா. அஞ்சாவது படிக்கிறா," என்றார். சீருடைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "சாரே கூப்பிட்டுச் சேத்துகினாரு. பைசா வேணாம்ட்டாரு தாஸண்ணா. பொண்ணுக்கு ஞாபக சக்தி ஜாஸ்தின்னு யாரோ சொல்லியிருக்காங்க. இங்க வர்ற காருங்க நம்பரை எல்லாம் சொல்லுவா, ஃபிளாட் நம்பரோட. நானே ரிஜிஸ்தரைப் பாத்துத்தான் சொல்லணும், அவ பாக்காமச் சொல்லுவா."

"அப்படியா?" என்றான் தாஸ்.

"அந்த மனுஷனுக்கு நாங்க எப்படித்தான் திருப்பிச் செய்யப் போறோமோ, தெரியலை."

தாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். சொல்வதற்கு இதுதான் நேரம். அப்பாதுரையின் முகம் மலர்ந்திருந்தது. அந்த முகத்தை தாஸ் பார்த்திருக்கிறான். வேறு எங்கோ இல்லை, ஒன்றரை வருடம் தன் வீட்டுக் கண்ணாடியில்.

"ஒண்ணும் செய்ய வேணாம் அண்ணே," என்றான் கடைசியில். "எழுத மட்டும் விடுங்க. வேற எதுக்கும் ஒத்துக்காதீங்க."

அப்பாதுரைக்குப் புரியவில்லை. "சரி சரி, பொண்ணு எங்கயும் வாலாட்டாது," என்று சிரித்தபடி கதவைச் சாத்தினார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் தொப்பியை மாட்டிக்கொண்டு ஓடினார்.

பிளெஸ்ஸி முன்னிருக்கையில் இருந்தாள். எலிசபெத்தின் ஷிப்ட் மாறவில்லை, அதனால் வேனில்தான் வந்தாக வேண்டும். மாடிக்கு இப்போது போவதில்லை. வேனிலேயே உட்கார்ந்து ஆறாம் வகுப்புப் பாடம் எழுதுவாள். சௌம்யா அவளுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். வேன் ஓசூர் ரோட்டில் ஏறியது. பிறகு இருக்கைக்கு நடுவே தலையை நீட்டினாள்.

"நீதானா அக்கா கூகுள்?"

பிளெஸ்ஸி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு கேள்விகூட விடாம நீ கொண்டு வந்தியாமே. சார் சொன்னாரு. எனக்கும் முடியும்னாரு." சௌம்யா இன்னும் கொஞ்சம் முன்னால் வந்தாள். தாஸுக்கு அவளுடைய தலையில் வைத்த மல்லிகை வாசம் வந்தது. "அக்கா, அறுபதையும் கொண்டு வந்தா சீட்டு குடுத்துடுவாங்கல்ல?"